வறுமைக் கோட்டை வரைந்தபோது வடக்குக் கிழக்கு கணக்கில் இருக்கவில்லை

2025 ஜூன் மாதம் உலக வங்கி, தீவிர வறுமையை அளக்கும் சர்வதேசக் கோட்டை நாளொன்றுக்கு ஒருவருக்கு 2.15 டொலர் என்பதிலிருந்து 3 டொலராக உயர்த்தியது. இங்கே சொல்லப்படும் டொலர், வங்கியில் மாற்றும் டொலர் அல்ல. நாடுகளுக்கிடையிலான விலை வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிடப்படும் ஒரு டொலர். இந்த மாற்றத்தால் 2022ஆம் ஆண்டில் உலகில் தீவிர வறுமையில் இருந்தவர்களின் எண்ணிக்கை 713 மில்லியனிலிருந்து 838 மில்லியனாக உயர்ந்தது. அன்று எவருடைய சோற்றுக் கோப்பையிலும் ஒரு பிடி குறையவில்லை, கூடவும் இல்லை. கோடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. விலைவாசி மாறும்போது கோடும் மாறத்தான் வேண்டும். ஆனால் வறுமை என்பது இயற்கையில் கிடக்கும் ஒரு பொருள் அல்ல, யாரோ சிலர் உட்கார்ந்து வரையும் கோட்டைப் பொறுத்தது என்பதை இந்தச் செய்தி நினைவூட்டியது. அந்தக் கோட்டை யார், எந்தத் தரவைக் கொண்டு வரைந்தார்கள் என்ற கேள்வி எல்லா நாடுகளுக்கும் பொதுவானது. போருக்குள்ளால் வந்த எங்களுக்கு அதில் தனியான ஒரு கணக்கு இருக்கிறது.

இலங்கையின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு 2004ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டது. அதற்கு அடிப்படையாக அமைந்தது, தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் 2002இல் நடத்திய வீட்டலகு வருமான மற்றும் செலவின அளவீடு. ஒரு மனிதர் மாதமொன்றுக்கு உயிர்வாழ 1,423 ரூபா தேவை என்று அப்போது முடிவு செய்யப்பட்டது. அந்த அளவீட்டில் வடக்கு மாகாணமும் கிழக்கு மாகாணமும் சேர்க்கப்படவில்லை. எங்கள் சனம் எதைச் சாப்பிட்டது, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் என்ன விலை கொடுத்தது, எத்தனை தரம் இடம்பெயர்ந்தது என்பவை எவையும் அந்தக் கோட்டுக்குள் இல்லை. ஆனால் விலை உயர்வுக்கேற்பத் திருத்தப்பட்ட அதே கோடுதான் 2016ஆம் ஆண்டு அளவீடு வரை நாடு முழுவதற்கும் பாவிக்கப்பட்டது.

2006/07 அளவீட்டில் வடமாகாணமும் திருகோணமலையும் விடுபட்டன. 2009/10இல் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் விடுபட்டன. முட்கம்பிக்குப் பின்னால் மெனிக் பாமில் சனம் இருந்த காலம் அது. 25 மாவட்டங்களும் சேர்ந்த முதலாவது அளவீடு 2012/13இல்தான் வந்தது. அப்போது நாட்டின் வறுமை 6.7 வீதம், முல்லைத்தீவில் 28.8 வீதம். முதல்தடவை எண்ணியபோதே நாங்கள் பட்டியலின் அடியில் இருந்தோம். 2016இல் நாட்டின் வறுமை 4.1 வீதம் என்று சொல்லி, இலங்கை நடுத்தர வருமான நாடாகிவிட்டதாகக் கொழும்பு பெருமைப்பட்டது. அந்த ஆண்டும் கிளிநொச்சியில் 18.2 வீதம். பிறகு கோடு புதுப்பிக்கப்பட்டது. 2019இல் நாட்டின் வறுமை 14.3 வீதமாக வந்தது, முல்லைத்தீவில் 44.5 வீதமாக வந்தது. அதே ஆண்டு நாட்டின் மொத்தக் குடும்ப வருமானத்தில் பாதிக்கும் மேல் வசதிபடைத்த 20 வீதத்தினரிடம் போய்ச் சேர்ந்தது.

இவை 2019இன் கணக்குகள். பொருளாதார நெருக்கடி அதற்குப் பிறகுதான் வந்தது. 2021க்கும் 2023க்கும் இடையில் நாட்டில் வறுமை ஏறத்தாழ இரட்டிப்பாகி, நால்வரில் ஒருவர் என்ற நிலையை எட்டியதாக உலக வங்கி கணித்தது. நாடு முழுவதும் இரட்டிப்பானபோது ஏற்கனவே 44.5 வீதத்தில் நின்ற மாவட்டம் எங்கே போயிருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த நெருக்கடிக்கான பதிலாக வந்ததுதான் அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலை முதல் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக இது நடைமுறைக்கு வந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலர் கடன் திட்டத்தில் சமூகப் பாதுகாப்புக்கு ஒரு குறைந்தபட்சச் செலவு குறிக்கப்பட்டிருந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 0.6 வீதம். ஒரு ரூபாவில் அரைச் சதத்துக்குச் சற்று மேல். கல்வி, சுகாதாரம், பொருளாதார மட்டம், சொத்துக்கள், வீட்டின் நிலை, குடும்ப விபரம் என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் புள்ளி போடப்பட்டது. புள்ளியைப் பார்த்துக் கணினி நான்கு வகையாகப் பிரித்தது. அரசியல்வாதியின் கடிதத்துக்கும் சமுர்த்தி உத்தியோகத்தரின் விருப்பு வெறுப்புக்கும் இடமில்லாமல் செய்வதே நோக்கம் என்றார்கள். அந்த நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை. சமுர்த்தி எப்படி நடந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

குறை அளவுகோலில் இருக்கிறது. இந்தப் புள்ளிமுறை இன்று வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது, அது எப்படி வந்தது என்று பார்ப்பதில்லை. மீள்குடியேற்றக் காலத்தில் வன்னியில் வாழ்வாதாரத் திட்டங்களுக்காகப் படிவம் நிரப்பிக்கொண்டு திரிந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் ஏறத்தாழ 46 ஆயிரம் வீடுகள். தறப்பாளுக்குக் கீழ் இருந்த சனத்துக்கு அது பெரிய உதவி, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் சீமெந்தும் மணலும் மேசன் கூலியும் ஏறிய வேகத்தில் அந்தப் பணம் பலருக்குக் கூரை மட்டத்துக்கே போதவில்லை. அடுத்த கட்டப் பணம் வரவேண்டுமென்றால் இந்தக் கட்டத்தை முடித்துக் காட்டவேண்டும். மிச்சத்துக்குக் காதில் கழுத்தில் கிடந்தது போனது. அதுவும் இல்லாதவர்கள் கடன் எடுத்தார்கள்.

இன்று அந்த வீட்டுக்கு உத்தியோகத்தர் வருகிறார். கல்வீடு, ஓட்டுக்கூரை, சீமெந்துத் தரை, மலசலகூடம். வீட்டின் நிலை என்ற பிரிவில் அந்தக் குடும்பம் வசதியானதாகத் தெரியும். வீட்டைக் கட்ட எடுத்த கடன் சுவரில் எழுதியிருப்பதில்லை. செல்லடியில் இறந்த மாடுகளும், ஓடும் வழியில் விட்ட உழவு இயந்திரமும், புதுக்குடியிருப்பில் புதைத்துவிட்டுத் தேடக் கிடைக்காத நகையும் எந்தக் குறிகாட்டியிலும் வராது. நகை எங்களுக்கு அலங்காரம் மட்டுமல்ல, சேமிப்பு வங்கியும் அதுதான். போரின் முடிவில் மீட்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட நகைகளில் ஒரு தொகுதியை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்ததே 2025 மே மாதம்தான். பதினாறு வருடம்.

கொடுப்பனவின் அளவையும் பார்க்கவேண்டும். மிக வறிய வகையினருக்கு 15,000 ரூபாவாக இருந்தது 2025 ஜனவரியிலிருந்து 17,500 ஆகவும், வறிய வகையினருக்கு 8,500 ஆக இருந்தது 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. உயர்த்தியது நல்லது. ஆனால் திணைக்களத்தின் இப்போதைய வறுமைக் கோட்டின்படி ஒரு தனிமனிதருக்கே மாதம் 16,000 ரூபாவுக்கு மேல் தேவை. நான்கு பேர் கொண்ட மிக வறிய குடும்பத்துக்குக் கிடைப்பது அரசாங்கத்தின் சொந்தக் கணக்கிலேயே ஒருவருடைய பங்கு.

வறுமையை ஒழிக்க எது உதவும், எது உதவாது என்று உலகில் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவருக்கும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். அவர்களின் வழிமுறை விளங்கக் கடினமானதல்ல. புதிய மருந்தைச் சோதிப்பதுபோல, சீட்டுக் குலுக்கிச் சில ஊர்களுக்கோ குடும்பங்களுக்கோ ஓர் உதவியைக் கொடுப்பது, மற்றவர்களுக்குக் கொடுக்காமல் விடுவது, சில வருடம் கழித்து இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவது.

அந்த முறையில் செய்யப்பட்ட பேர்பெற்ற ஆய்வுகளில் ஒன்று எங்கள் தீவிலேயே நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2005இல் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வூட்ரஃப் ஆகியோர் தொடங்கிய ஆய்வு அது. சிறிய பெட்டிக்கடை, தையல், கயிறு திரித்தல், உணவு செய்து விற்றல் போன்ற தொழில் செய்பவர்களுக்குச் சீட்டுக் குலுக்கி 10,000 அல்லது 20,000 ரூபா கொடுத்தார்கள். கடனாக அல்ல, திருப்பிக் கேட்காத பணமாக அல்லது பொருளாக. 10,000 என்பது அத்தகைய ஒரு தொழிலின் ஏறத்தாழ மூன்று மாத இலாபம். முடிவு பொருளியலாளர்களையே வியக்கவைத்தது. கொடுத்த முதல் சராசரியாக மாதமொன்றுக்கு 5 வீதம் அளவில் இலாபத்தைக் கூட்டியது. எந்த வங்கி வட்டியையும் விட அது அதிகம்.

ஆனால் அந்த இலாபம் ஆண்களின் தொழிலில்தான் தெரிந்தது. பெண்களின் தொழிலில் சராசரியாகப் பலன் எதுவும் தெரியவில்லை. இந்த முடிவு 2008, 2009ஆம் ஆண்டுகளில் அச்சில் வந்துவிட்டது. ஆண்டைக் கவனியுங்கள். ஏ9 வீதி திறந்து, வன்னிக்குள் நிதி நிறுவனங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய காலமும் அதை ஒட்டித்தான். வந்தவர்கள் யாரைத் தேடினார்கள்? பெண்களைத்தான். ஐந்து பேர் சேர்ந்து குழு, ஒருவருக்கு மற்றவர் பிணை, கிழமைக்கொரு தவணை. இருபது வருடமாக உழைக்கும் முதல் என்று எதையும் கையில் பார்க்காத, கணவனை இழந்த அல்லது கணவன் எங்கே என்று தெரியாத பெண்ணிடம், நாட்டிலேயே செய்த ஆய்வொன்று பலன் தெரியவில்லை என்று சொன்ன அதே வேலைக்குப் பணத்தைக் கொடுத்து, வட்டியோடு திருப்பிக் கேட்டார்கள்.

வட்டி எவ்வளவு உயரத்துக்குப் போனது என்பதற்கு அரசாங்கத்தின் நடவடிக்கையே சாட்சி. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்று நிலுவையில் இருந்த ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று உச்சவரம்பும் அறிவிக்கப்பட்டது. உச்சவரம்பே 35 என்றால் அதற்கு முன்னர் இருந்ததைச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் பற்றிய ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி அந்த ஆண்டு செப்டெம்பரில் இலங்கைக்கு வந்தபோது இந்தக் கடன்பட்ட பெண்களின் விடயத்தையும் எடுத்துப் பேசினார். கிழமைக் காசுக்காரன் படலையடியில் நிற்கிறான் என்று பின்வளவுக்குள் ஒளிந்த பெண்களையும், ஒரு கடனை அடைக்க இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுத்து நாலைந்து அட்டையோடு திரிந்தவர்களையும் எங்கள் ஊர்களில் அறியாதவர் இல்லை. உயிரை மாய்த்தவர்களும் உண்டு.

உலக அளவிலும் நுண்கடனின் பெயர் அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. 2006இல் முகமது யூனுஸுக்கும் கிராமீன் வங்கிக்கும் சமாதான நோபல் பரிசு கிடைத்தது. நான்கு வருடத்தில், 2010இல், ஆந்திராவில் நுண்கடன் நெருக்கடி வெடித்தது. பொஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிக்கோ, மொங்கோலியா, மொரோக்கோ ஆகிய ஆறு நாடுகளில் நடந்த சோதனைகளின் முடிவுகள் 2015இல் ஒன்றாக வெளிவந்தன. நுண்கடன் சிலருக்குச் சிறிதளவு உதவுகிறது, ஆனால் வறுமையிலிருந்து தூக்கிவிடுவதில்லை என்பது அவற்றின் சாரம். இலங்கையின் நுண்நிதிச் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. தொழிலை ஒழுங்குபடுத்துவது பற்றி அதில் நிறைய இருக்கிறது. கடன் கொடுப்பதே வறியவருக்கான சரியான மருந்தா என்ற கேள்வி அதில் இல்லை.

பெண்களின் தொழிலில் ஏன் பலன் தெரியவில்லை என்ற கேள்விக்குப் பதில் பத்து வருடம் கழித்து வந்தது. இலங்கை, இந்தியா, கானா ஆகிய நாடுகளின் தரவுகளை வேறு ஆய்வாளர்கள் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். பெண்ணின் கையில் கொடுத்த முதல், அதே வீட்டில் கணவனுக்கும் தொழில் இருந்தால், அவருடைய தொழிலுக்குப் போய்விடுகிறது. பணம் வீணாகவில்லை, இடம் மாறியிருக்கிறது. வீட்டில் தொழில் செய்பவர் அந்தப் பெண் ஒருவரே என்றால் அவருக்கும் ஆண்களைப் போலவே பலன் கிடைத்திருக்கிறது. 2019இல் வெளியான இந்த முடிவை வாசித்தபோது எனக்கு வன்னிதான் நினைவுக்கு வந்தது. பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று நாங்கள் படிவங்களில் எழுதும் வீடுகளில் பெரும்பாலும் உழைப்பவர் அந்தப் பெண் ஒருவரே. அந்த ஆய்வு களுத்துறை, காலி, மாத்தறையில் நடந்தது, எங்கள் பகுதியில் அல்ல. ஆகவே அப்படியே இங்கும் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இப்படியான ஒரு முடிவு கையில் இருக்கும்போது, இந்தப் பெண்களுக்குத் திருப்பிக் கேட்காத முதலைக் கொடுத்துப் பார்க்க ஏன் எவரும் முன்வரவில்லை?

‘கொடுத்தோமே, கோழி கொடுத்தோம், ஆடு கொடுத்தோம், தையல் மெசின் கொடுத்தோம்’ என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான். ஒரே ஊரில் முப்பது பேருக்குத் தையல் மெசின் கொடுத்தால் யாருடைய சட்டையை யார் தைப்பது என்று கேட்க ஆளிருக்கவில்லை. கோழி கொடுத்தார்கள், தீவனத்துக்குக் காசில்லை, ஆறு மாதத்தில் கோழி கறியானது. அல்லது செத்தது.

இங்கே பங்களாதேஷின் பிராக் நிறுவனம் 2002இல் தொடங்கிய முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். மிக வறிய குடும்பத்துக்கு மாடோ ஆடோ கோழியோ, அவர்களே தெரிவு செய்யும் ஏதோவொன்று. அத்தோடு அந்தச் சொத்து வருமானம் தரும்வரை சாப்பாட்டுக்கு ஒரு சிறு தொகை, ஏனென்றால் பசித்த வீடு ஆட்டை விற்கும். பராமரிக்கப் பயிற்சி, சேமிக்க ஒரு கணக்கு, நோய்க்கு மருந்து. இரண்டு வருடம் வரை ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்த்துப் போவார். கடன் வசூலிக்க அல்ல, விசாரிக்க. எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களிடம் இதைச் சோதித்த முடிவு 2015இல் வெளியானது. திட்டம் முடிந்து ஒரு வருடம் கழித்தும் அந்தக் குடும்பங்களின் உணவும் வருமானமும் சேமிப்பும் மற்றவர்களை விட உயர்ந்து நின்றன. ஹொண்டுராஸில் மட்டும் சரிவரவில்லை. காரணம், அங்கே பெரும்பாலும் கொடுத்தது கோழி, கோழிகள் நோயில் செத்துப்போயின. வன்னியில் வேலை செய்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள்.

எங்கள் பகுதியில் இந்த முறையின் துண்டுகள் எல்லாம் வந்தன. ஒரு நிறுவனம் ஆடு கொடுத்தது, இன்னொன்று பயிற்சி கொடுத்தது, மூன்றாவது கிணறு கட்டியது. மூன்றும் மூன்று வெவ்வேறு வீட்டுக்குப் போயின. எல்லாம் ஒரே வீட்டுக்கு, இரண்டு வருடம் தொடர்ந்து போகவேண்டும் என்பதுதான் அந்த ஆய்வின் மையம்.

இத்தகைய ஆய்வுகளுக்கும் எல்லை உண்டு. 2015இல் நோபல் பரிசு பெற்ற அங்கஸ் டீட்டன் அதைப் பலமுறை எழுதியிருக்கிறார். ஓரிடத்தில் பலித்தது இன்னோர் இடத்தில் ஏன் பலிக்கவேண்டும் என்ற கேள்விக்கு இந்தச் சோதனைகள் தாமாகப் பதில் தருவதில்லை என்பது அவர் வாதம். நான் அதோடு இன்னொன்றைச் சேர்ப்பேன். சீட்டுக் குலுக்கிக் கொடுக்கக்கூடியதை மட்டும்தான் இந்த முறையால் சோதிக்க முடியும். ஆட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கலாம். இராணுவம் வைத்திருக்கும் காணியை அப்படிக் கொடுக்க முடியாது. 2017இல் கேப்பாப்புலவு மக்கள் வீதியோரம் குந்தியிருந்து கேட்டது எவருடைய உதவித்திட்டத்தையும் அல்ல, தங்கள் தென்னையும் கிணறும் கடலும் உள்ள சொந்தக் காணியை. காணி கையில் இருந்தால் அஸ்வெசும தேவைப்படாத குடும்பங்கள் அங்கே இருந்தன. வறுமை ஆய்வாளர் அவர்களைச் ‘சொத்தற்றவர்’ என்று எழுதுவார். அவர்களுக்குச் சொத்து இருந்தது, வேலிக்கு அந்தப் பக்கம்.

ஆகவே இரண்டு விதமான வறுமை எங்களிடையே இருக்கிறது. ஒன்று, முதலும் துணையும் கிடைத்தால் எழும்பக்கூடியது. இதற்கு மருந்து என்னவென்று உலகத்துக்கு ஓரளவு தெரியும், செலவும் தெரியும். மற்றது, எடுக்கப்பட்டதைத் திருப்பிக் கொடுத்தால்தான் தீருவது. முதலாவதற்கான திட்டத்தை இரண்டாவதற்குக் காட்டி ஏமாற்றக்கூடாது. இரண்டாவதைக் காரணம் காட்டி முதலாவதைச் செய்யாமலும் விடக்கூடாது. இந்த இரண்டாவது தவறை எங்கள் அரசியல்வாதிகள் அதிகம் செய்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். தீர்வு வரட்டும் பார்க்கலாம் என்று சொல்பவரின் வீட்டில் கிழமைக் காசு கேட்டு யாரும் வருவதில்லை.

அடுத்ததாகச் செய்யக்கூடியவை பெரிய விடயங்கள் அல்ல. வடக்குக் கிழக்கில் இருந்து தெரிவான பாராளுமன்ற உறுப்பினர்கள் நலன்புரி நன்மைகள் சபையிடம் இரண்டு குறிகாட்டிகளைக் கேட்கலாம். ஒன்று, குடும்பத்தின் தீராத கடன். மற்றது, போரினால் உழைக்கும் ஆளை இழந்தது, அந்த ஆள் காணாமல் ஆக்கப்பட்டிருந்தாலும் சரி. ஏற்கனவே 22 இருக்கும் இடத்தில் 24 வருவதால் கணினி நின்றுபோகாது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் பொருளியல் துறைகள் இருக்கின்றன. தெற்கில் 2005இல் நடந்த அந்த ஆய்வை, ஒற்றை ஆளாக உழைக்கும் பெண்களின் தொழில்களில், முல்லைத்தீவிலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் செய்து பார்க்கலாம். புலம்பெயர்ந்த சங்கங்கள் மண்டபத்துக்கும் வளைவுக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு பங்கு அதற்குப் போதும்.

இதை வாசிப்பவர்களில் அஸ்வெசும பட்டியலில் பெயர் வராதவர்களும், வந்தும் குறைந்த வகையில் விழுந்தவர்களும் இருப்பீர்கள். மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும்போது பிரதேச செயலகத்துக்கு வெறுங்கையோடு போகவேண்டாம். கடன் அட்டைகளின் பிரதி, அடகுச் சீட்டு, வீட்டுத்திட்டக் கடிதம், மரணச் சான்றிதழ் அல்லது காணாமற்போனமைக்கான முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் இணைத்துக் கொடுங்கள். படிவத்தில் அவற்றுக்குக் கட்டம் இல்லை என்று சொன்னால், பின்பக்கத்தில் எழுதி, திகதி போட்டு, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வாருங்கள்.